வாரண்டி மிச்சம் இருக்கும்போது வெளி லிஃப்ட் பம்ப் மாட்டலாமா? (6.7 பவர் ஸ்ட்ரோக், சிபி4)

சூப்பர்டியூட்டி_22 கேட்டது:

வண்டி 2022 ஃபோர்டு எஃப்-250 பிக்கப், 6.7 டீசல், 61,000 மைல். இன்ஜின் வாரண்டி 5 வருஷம் அல்லது 1,00,000 மைல், எது முன்னால வருதோ அது. டியூன் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்துறது) கிடையாது, எமிஷன்ஸ்ல (புகை கட்டுப்பாட்டுல) கை வைக்கல, ஃபில்டர் எல்லாம் கம்பெனி ஃபில்டர்தான். டிரெய்லர் இழுக்கிற வேலை அதிகம், டீசல் போடுறது ஹைவேயில கிடைக்கிற இடத்துல.

சிபி4 பம்ப் (இன்ஜெக்டருக்கு டீசலை அதிக அழுத்தத்துல அனுப்புறது) உடைஞ்சா டேங்க்ல இருந்து இன்ஜெக்டர் வரைக்கும் மாத்தணும், பில் 10,000 டாலரைத் தாண்டும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ஃபில்டரோட வர்ற வெளி லிஃப்ட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை சிபி4-க்குத் தள்ளுறது) மாட்டலாம்னு யோசனை. சர்வீஸ் கவுன்டர்ல கேட்டா "வெளி பார்ட் போட்டா வாரண்டி மொத்தமா போயிடும்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க.

லிஃப்ட் பம்ப் உண்மையிலேயே சிபி4-ஐக் காப்பாத்துமா? மொத்த வாரண்டியும் போயிடும்னு சொல்றது சட்டப்படி செல்லுமா? நாளைக்கே பம்ப் போச்சுன்னா வாதாட என்னென்ன கையில இருக்கணும்?

---

பம்ப்பெஞ்ச்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். சட்டத்தை அது தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

சிபி4.2-க்குள்ள ரெண்டு பிஸ்டன். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு டேப்பெட், டேப்பெட் அடியில ஒரு ரோலர். ரோலர் கேம் (சுத்திக்கிட்டே பிஸ்டனைத் தள்ளுற தண்டு) மேல உருளுது. அந்த டேப்பெட் தன் துளைக்குள்ள திரும்பாம இருக்க சாவி மாதிரி எதுவும் கிடையாது. ஸ்பிரிங் அழுத்தமும், ரோலருக்கும் கேமுக்கும் நடுவுல இருக்கிற டீசல் படலமும்தான் அதை நேரா வச்சிருக்கு. உள்ளே காத்து போனாலோ, டீசல் வரத்து குறைஞ்சாலோ, டீசல்ல வழவழப்பு பத்தலைன்னாலோ ரோலர் சுத்தாம இழுபடும். டேப்பெட் கொஞ்சம் திரும்பும். ஒரு தடவை குறுக்கா திரும்பிட்டா ரோலர் கேமைச் செதுக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் திரும்பி வராது. பழைய சிபி3-ல மூணு பிஸ்டன், இந்த ரோலரே கிடையாது. அதனாலதான் அது இந்த மாதிரி சாகிறதில்லை.

செதுக்கின தூள் எங்க போகுதுங்கிறதுதான் செலவைத் தீர்மானிக்குது. உள்ளே வர்ற டீசல் முதல்ல கேம் இருக்கிற அறைக்குப் போகுது. அங்கே இருந்து மீட்டரிங் வால்வ் (டீசல் அளவைக் கட்டுப்படுத்துறது), அப்புறம் பிஸ்டன், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ற குழாய்), இன்ஜெக்டர். கேம் அறையில விழுற தூள் நேரா இன்ஜெக்டருக்கு, மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கு. இது ஒண்ணு போச்சுன்னா எட்டு இன்ஜெக்டரும் போறதுக்கு இதான் காரணம்.

இப்ப லிஃப்ட் பம்ப். "டீசல் பிக்கப்புக்கு லிஃப்ட் பம்ப் அவசியம்"னு பொதுவா எழுதுறவங்க பெரும்பாலும் 2011–2016 ஜிஎம் டியூராமேக்ஸ் எல்எம்எல் டீசல் இன்ஜினை மனசுல வச்சு எழுதுறாங்க. அந்த வண்டியில கம்பெனி லிஃப்ட் பம்பே கிடையாது. சிபி4 தானே டேங்க்ல இருந்து உறிஞ்சணும். ஃபில்டர் அடைச்சா வெற்றிடம், ஜாயின்ட் லேசா தளர்ந்தா காத்து. அங்கே வெளி லிஃப்ட் பம்ப் பெரிய வித்தியாசம் பண்ணும். உங்க 6.7-ல ஃபிரேம்லயே எலெக்ட்ரிக் பம்ப், ஃபில்டர், தண்ணி பிரிக்கிற பாத்திரம் மூணும் சேர்ந்த மாட்யூல் இருக்கு, இன்ஜின் பக்கம் இன்னொரு ஃபில்டர். சிபி4-க்கு ஏற்கனவே அழுத்தத்தோடதான் டீசல் வருது. வெளி பம்ப் மாட்டினா கூடுதல் வடிகட்டலும் காத்து பிரிக்கிறதும் கிடைக்கும். டேப்பெட் திரும்பாதுங்கிற உத்தரவாதம் கிடைக்காது.

டியூராமேக்ஸுக்குன்னு அழுத்தம் செட் பண்ணின பம்பை ஃபோர்டுல மாட்டிடாதீங்க. உறிஞ்சி ஓடுற சிஸ்டத்துக்கான அழுத்தம் வேற, உங்களோடது வேற. குறைஞ்சா உங்க வண்டி லோ ஃபியூயல் பிரஷர்னு சொல்லி பவரைக் குறைக்கும், பி008ஏ கோடும் (வண்டி கம்ப்யூட்டர் வைக்கிற பிழை எண்) பதிவாகும். நாளைக்கு அந்தக் கோடையே உங்களுக்கு எதிரா எடுத்து வைப்பாங்க.

டீசலைப் பத்தி ஒண்ணு. அமெரிக்காவில ஏஎஸ்டிஎம் டி975 தரப்படி வழவழப்புச் சோதனையில தேய்மானத் தழும்பு 520 மைக்ரான் வரைக்கும் போகலாம். ஐரோப்பாவோட இஎன் 590-ல அதே சோதனைக்கு எல்லை 460. தழும்பு சின்னதா இருந்தா டீசல் நல்லதுன்னு அர்த்தம். 2006-ல கந்தகத்தை 15 பிபிஎம்முக்குக் குறைச்சப்போ, டீசலைச் சுத்திகரிக்கிற முறையில அதோட இயற்கையான வழவழப்பும் சேர்ந்து போச்சு. 2 சதவீதம் பயோடீசல் கலந்தாலே அது கணிசமா திரும்பக் கிடைக்கும். லூப்ரிசிட்டி அடிட்டிவ் ஊத்துறதும் அதுக்குத்தான். என் கணக்குல, உங்க வண்டிக்கு வெளி பம்பை விட அடிட்டிவும் நேரத்துக்கு ஃபில்டரும்தான் காசுக்கேத்த வேலை.

---

டேங்க்_டு_ரெயில்:

பம்ப்பெஞ்ச் சொன்னதோட ஒரு வரி. தூள் இன்ஜெக்டருக்குப் போறதுதான் பயம்னா பைபாஸ் கிட் போடுங்க. சுத்தமான டீசல் நேரா மீட்டரிங் வால்வுக்குப் போகும். கேம் அறை டீசல் தனியா டேங்குக்குத் திரும்பும். பம்ப் சாகும், ஆனா இன்ஜெக்டர் பிழைக்கும்.

---

வாரண்டி_வக்காலத்து:

பைபாஸ் கிட் நல்ல கிட்தான். ஆனா வாரண்டி ஓடிட்டு இருக்கிற வண்டிக்கு அதைச் சொல்லாதீங்க. லிஃப்ட் பம்ப் ஃபிரேம்ல மாட்டுற தனிப் பொருள், கழட்டினா பழைய நிலை. பைபாஸ் கிட் சிபி4-ஓட உள்ஓட்டத்தையே மாத்துது. செத்தது அதே பம்ப்னா "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு வாதாடுறது ரொம்பக் கஷ்டம். வாரண்டி முடிஞ்ச அன்னிக்கு மாட்டிக்கலாம்.

ரெண்டாவது கேள்வி. 1975-ல வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டம். கம்பெனி இலவசமா தராத ஒரு பார்ட்டையோ சர்வீஸையோ "எங்க பிராண்டுதான் போடணும், இல்லைன்னா வாரண்டி கிடையாது"ன்னு நிபந்தனை வைக்கக் கூடாது. அதனால கவுன்டர்ல சொன்ன "மொத்தமா போயிடும்" தப்பு. வெளி லிஃப்ட் பம்ப் இருக்குங்கிறதுக்காக ஏசி கம்ப்ரஸரையோ டிரான்ஸ்மிஷனையோ மறுக்க முடியாது.

இதை மட்டும் படிச்சிட்டு இணையத்துல பல பேர் நெஞ்சை நிமிர்த்திக்கிறாங்க. மறுபாதியையும் படிக்கணும். வெளி பார்ட்டால வந்த சேதத்துக்கு வாரண்டி தர வேண்டியதில்லைங்கிறதும் அதே சட்டத்துல சரிதான். ஆனா அந்த பார்ட்தான் காரணம்னு காட்ட வேண்டியது கம்பெனி பக்கம். எஃப்டிசி (அமெரிக்க வர்த்தக ஆணையம்) இதைத் தெளிவாவே சொல்லியிருக்கு. லிஃப்ட் பம்பும் சிபி4-ம் ஒரே லைன்ல வரிசையா இருக்கிற பார்ட். ஆகவே உங்க விஷயத்துல சண்டை வந்தா, சட்டம் செல்லுமா செல்லாதாங்கிறதுல வராது. எது காரணங்கிறதுலதான் வரும். அதுக்கு சட்டப் புத்தகத்தை விட ஆதாரம்தான் உதவும்.

வாரண்டி புத்தகத்துல எமிஷன்ஸ் வாரண்டின்னு தனிப் பகுதி இருக்கும். ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் அந்தப் பட்டியல்ல இருக்கா, எத்தனை மைலுக்குன்னு பாருங்க. இன்ஜின் வாரண்டியை மட்டும் பார்த்துட்டு நிறைய பேர் அந்தப் பக்கத்தைத் திருப்புறதே இல்லை.

---

ரிட்டர்ன்லைன்:

மாட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டா எப்படி மாட்டணும்ங்கிறதைச் சொல்றேன். வாரண்டி மறுப்புல பாதி, பம்ப் நல்லதா கெட்டதாங்கிறதால வர்றதில்லை. மாட்டின விதத்தால வருது.

டேங்கைத் துளைக்காதீங்க. அடியில சம்ப் (டீசலை அடியில இருந்து எடுக்கிற கிண்ணம்) வைக்கத் துளை போட்டா பிளாஸ்டிக் பிசிறோ ட்ரில் தூளோ உள்ளே விழும். எவ்வளவு கழுவினாலும் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். பின்னால டேங்கை இறக்கிப் பார்க்கிற டெக்னீஷியனுக்கு அந்த ஒரு துண்டு போதும். டேங்க் உள்ளே இருக்கிற கம்பெனி உறிஞ்சு குழாயை வெட்டி வேற குழாய் வச்சாலும் சிக்கல்: உயரம் கொஞ்சம் தப்பினா கால் டேங்குக்குக் கீழ வரும்போது காத்தை இழுக்கும், மேட்டுல ஏறும்போது இன்னும் அதிகமா. நீங்க தவிர்க்கணும்னு பார்த்த அதே காத்து. சிபி4-க்கு வெளி பம்ப்ல இருந்து வர்ற கெடுதல்னு நிஜமாவே ஒண்ணு உண்டுன்னா அது இதுதான்.

கம்பெனி ஃபில்டர் ரெண்டையும் கழட்டாதீங்க. வெளி பம்ப் அதுக்கு முன்னால உட்காரணும். சிபி4-க்கு முன்னால கடைசியா வடிகட்டினது கம்பெனி ஃபில்டர்னு இருக்கறது உங்க வாதத்துக்கு முதுகெலும்பு.

ஃபிட்டிங்ல டெஃப்லான் டேப் கூடாது, நூலா பிரிஞ்சு உள்ளே போகும். டீசலுக்கான திரவ சீலன்ட் போடுங்க, முதல் ரெண்டு மரையை விட்டுட்டு. கால்வனைஸ்டு ஃபிட்டிங் கூடாது, துத்தநாகம் டீசலோட சேர்ந்தா இன்ஜெக்டர்ல படியும். வயரிங்: கம்பெனி பம்போட வயரை வெட்டி ஒட்டாதீங்க. பேட்டரில இருந்து நேரா ஃபியூஸ், ரிலே; ரிலேக்கு சிக்னல் மட்டும் ஃபியூஸ் பாக்ஸ் டேப்ல. ஃபிரேம்ல ஏற்கனவே இருக்கிற துளையில கிளாம்ப். கழட்டினா தடம் தெரியாத மாதிரி இருக்கணும்.

முடிச்சதும் உடனே ஸ்டார்ட் அடிக்காதீங்க. கீயை ஆன்ல 30 நொடி வச்சு ஆஃப் பண்ணுங்க, இதை 6 தடவை. ஃபில்டர் மாத்தினாலும் இதேதான். காஞ்ச சிபி4-ஐ கிராங்க் பண்றது அதோட ஆயுசைக் குறைக்கிற சுலபமான வழி. ஃபில்டர் மாத்துற கடைகள்ல அவசரத்துக்கு இதைத்தான் விட்டுடுறாங்க.

மாட்டும்போதே போட்டோ: பம்ப் சீரியல் நம்பர், ஓடோமீட்டர், ஒவ்வொரு ஜாயின்ட், ஓடும்போது கேஜ்ல அழுத்தம், ஐடில்லயும் லோடுலயும். கோடு எதுவும் இல்லைங்கிறதுக்கு ஸ்கேன் அறிக்கை.

---

சூப்பர்டியூட்டி_22:

நன்றி. ரெண்டு சந்தேகம் மிச்சம். பம்ப் போற கேஸ்ல பெரும்பாலும் "டீசல்ல தண்ணி, துரு இருக்கு, அது வெளிக் காரணம்"னு சொல்லித்தான் மறுக்குறாங்கன்னு படிச்சேன். வெளி பம்பே இல்லாத வண்டிக்கும் இதே பதில்தானாம். அப்ப எப்படி எதிர்கொள்றது? இன்னொண்ணு, 1,00,000 மைலுக்கு அப்புறம் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கினா இந்தச் சட்டம் அதுக்கும் பொருந்துமா?

---

ரிட்டர்ன்லைன்:

தண்ணி விஷயம். வண்டி நின்னதும் சர்வீஸுக்கு இழுத்துட்டுப் போறதுக்கு முன்னால, முடிஞ்சா நீங்களே சாம்பிள் எடுங்க. சுத்தமான கண்ணாடி ஜார் மூணு, ஒவ்வொண்ணும் ஒரு லிட்டர் அளவு. ஒண்ணு ஃபிரேம் மாட்யூலோட வடிகால்ல, மத்த ரெண்டும் டேங்க்ல இருந்து. டேங்க் ஜார்ல ஒண்ணை சீல் பண்ணி தேதி எழுதி வச்சிடுங்க, லேபுக்கு. இன்னொண்ணை அசைக்காம ஒரு நாள் விடுங்க. தண்ணி இருந்தா அடியில கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்கும். தூள் இருந்தா ஜாருக்கு வெளியே காந்தத்தை வச்சு நகர்த்திப் பாருங்க. இரும்புத் தூள் பின்னாலயே வரும், அலுமினியத் தூள் மினுக்கிட்டு அப்படியே கிடக்கும். பம்ப் உடம்பு அலுமினியம், கேமும் ரோலரும் எஃகு. ரெண்டும் இருந்தா தூள் சிபி4-ல இருந்து வந்ததுன்னு சந்தேகப்பட வலுவான காரணம்.

சர்வீஸ்ல ஒரு பாட்டிலைக் காட்டி "பாருங்க தண்ணி"ன்னு சொன்னா, எங்க இருந்து எடுத்த சாம்பிள்னு கேளுங்க. தண்ணி பிரிக்கிற பாத்திரத்தோட அடியில இருந்து எடுத்திருந்தா அதுல தண்ணி இருக்கத்தான் செய்யும். அதைச் சேர்த்து வைக்கிறதுதான் அந்தப் பாத்திரத்தோட வேலை. சிபி4-க்குப் போன டீசல்ல தண்ணி இருந்ததுங்கிறதுக்கு அது சாட்சி ஆகாது. டி975-ல தண்ணியும் படிவும் சேர்ந்து 0.05 சதவீதம் வரைக்கும் அனுமதி உண்டு. லேப்ல கார்ல் ஃபிஷர் முறையில தண்ணி அளவு, ஃபிளாஷ் பாயின்ட் (நம்பர் 2 டீசலுக்கு 52 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கினா பெட்ரோல் கலந்திருக்கலாம்), வழவழப்புச் சோதனை இந்த மூணையும் எழுதிக் கேளுங்க. கூடவே வண்டி கம்ப்யூட்டர்ல பி2269, அதாவது டீசல்ல தண்ணிங்கிற கோடு, எப்பவாவது பதிவாச்சான்னு பிரிண்ட் கேளுங்க. பதிவே இல்லைன்னா அவங்க வாதம் நொண்டும்.

துரு. பம்பைக் கழட்டி டீசல் வடிஞ்ச பிறகு, ஈரப்பதம் உள்ள இடத்துல திறந்து வச்ச எஃகு சில நாள்லயே மேலோட்டமா துரு பிடிக்கும். கழட்டின அன்னிக்கே எடுத்த போட்டோவா, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்ததான்னு பாருங்க. போட்டோ ஃபைலோட தேதி முக்கியம்.

வெளி பம்ப் மாட்டியிருந்து, "தூள் உங்க பம்ப்ல இருந்து வந்தது"ன்னு சொன்னா ஃபில்டரை அறுத்துப் பாருங்க. இதுக்குன்னு குழாய் வெட்டுற மாதிரி உருளை பிளேடு வச்ச ஃபில்டர் கட்டர் இருக்கு. அதுலதான் வெட்டணும். ரம்பத்துல அறுத்தா அந்த ரம்பமே தூளைப் போட்டுடும், ஆதாரம் நாசம். வெளி பம்புக்கு அப்புறம் உட்காருற ஃபில்டரோட மடிப்புகளைப் பிரிச்சு, அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் ரெண்டையும் தனித்தனியா போட்டோ எடுங்க. சுத்தப் பக்கம் வெறுமையா இருந்தா அந்த பம்ப்ல இருந்து எதுவும் தாண்டிப் போகல. அழுக்குப் பக்கம் இரும்புத் தூள் இருந்தாலும் பயப்படாதீங்க. சிபி4 தூள் ரிட்டர்ன்ல டேங்குக்கு வந்து, சுத்தி மறுபடி இங்கேயே வந்து சேரும். அந்த வட்டத்தை மறந்துட்டு "ஃபில்டர்ல தூள் இருக்கு, ஆகவே டேங்க்ல இருந்து வந்தது"ன்னு எழுதுற அறிக்கைகள் நிறைய.

---

பம்ப்பெஞ்ச்:

ஒரு சின்னச் சேர்க்கை. பி0087 (ரெயில் பிரஷர் குறைவு) வந்து வண்டி ஓடிட்டு இருக்கும்போதே சந்தேகமா இருந்தா, மீட்டரிங் வால்வைக் கழட்டி அதோட சின்ன வலையைப் பாருங்க. சுத்தியும் துடைச்சிட்டு, காத்தடிச்சிட்டு அப்புறம் கழட்டணும். வலையில மினுக்குத் தூள் இருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்னும் ஒரு மைல் ஓட்டினா இன்ஜெக்டர் கணக்குல ஏறும். ஆனா வாரண்டி இருக்கும்போது இதை நீங்களே கழட்டாம, கழட்டுறப்போ பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிறது நல்லது.

---

வாரண்டி_வக்காலத்து:

எக்ஸ்டெண்டட் வாரண்டி. பேர்தான் வாரண்டி, பெரும்பாலும் அது சர்வீஸ் காண்ட்ராக்ட். தனியா காசு கொடுத்து வாங்குறது, விக்கிறது பல சமயம் வேற கம்பெனி. வெளி பார்ட் தடையைப் பத்தி மேல சொன்ன விதி எழுத்து மூலமான வாரண்டிக்கு. காண்ட்ராக்ட்ல "மாற்றம் செய்த வண்டிக்கு ஃபியூயல் சிஸ்டம் கவர் கிடையாது"ன்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் நிக்கும். வாங்குறதுக்கு முன்னால "மாற்றங்கள்", "ஃபியூயல் மாசு"ன்னு வர்ற விலக்குகளைப் படிங்க. லிஃப்ட் பம்ப் மாட்டியிருந்தா காண்ட்ராக்ட் எடுக்கும்போதே எழுத்துல தெரிவிச்சு, ஒப்புக்கொண்டதுக்கு பதில் வாங்கிடுங்க. வாய்மொழி ஒப்புதல் கிளெய்ம் அன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிக்கப்பைத் தொழிலுக்கு ஓட்டினா சட்டம் பொருந்தாதுன்னு சிலர் மிரட்டுவாங்க. பொருள் பொதுவா வீட்டு உபயோகத்துக்கும் வாங்கப்படுற வகையாங்கிறதுதான் கேள்வி, நீங்க எதுக்கு ஓட்டுறீங்கங்கிறது இல்லை. எஃப்-250 அதுல அடங்கும்.

மறுப்பு வந்தா நடைமுறை இப்படி. பிரிச்சுப் பார்க்கிறதுக்கு கையெழுத்து கேட்கும்போது, மறுத்தா அந்தக் கூலி யாருதுன்னு அந்தப் பேப்பர்லயே எழுதச் சொல்லுங்க. மறுப்பை எழுத்துல கேளுங்க: எந்த பார்ட், எந்த விதமான சேதம், அதுக்கு எது காரணம், எந்த ஆதாரத்துல. "வெளி பார்ட் இருக்கு"ங்கிறது காரணம் ஆகாது. அது எப்படி இந்தச் சேதத்தை உண்டாக்கினதுன்னு எழுதணும். கம்பெனியோட வாடிக்கையாளர் பிரிவுல கேஸ் நம்பர் வாங்குங்க. டீலர் தனி, கம்பெனி தனி. டீலர் மறுத்தது கம்பெனியோட கடைசி வார்த்தை இல்லை.

மறுப்புக்கு அப்புறம் நீங்க காசு கொடுத்து ரிப்பேர் பண்ணினா, பழைய பம்பையும் இன்ஜெக்டரையும் விடாதீங்க. கோர் டெபாசிட்டுக்காக (பழைய பார்ட்டைத் திருப்பினா கிடைக்கிற முன்பணம்) அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. ரிப்பேர் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாலயே "கழட்டின பார்ட் எல்லாம் எனக்கு"ன்னு எழுதி, கோர் காசைக் கட்டி எடுத்துக்கோங்க. பார்ட் இல்லாம நிபுணர் கருத்து வாங்க முடியாது.

அடுத்து வாரண்டி புத்தகத்துல சொல்லியிருக்கிற சமரச அமைப்பு. பிபிபி ஆட்டோ லைன் மாதிரி ஒண்ணு இருக்கும். கோர்ட்டுக்கு முன்னால அங்கே போயாகணும்னு புத்தகத்துல இருந்தா போயிடுங்க. கோர்ட்ல இந்தச் சட்டப்படி ஜெயிச்சா வக்கீல் செலவையும் எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்க வழி இருக்கு. சின்னக் கேஸுக்கும் வக்கீல் கிடைக்கிறது அதனாலதான்.

"டீசல் மாசு"ன்னே முடிவா எழுதிக் கொடுத்துட்டாங்கன்னா, அந்தக் காகிதத்தை எடுத்துட்டு உங்க வண்டி இன்சூரன்ஸ்ல காம்பிரிஹென்சிவ் பகுதிக்குப் போங்க. கெட்ட டீசலால வந்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏத்துக்கும், டிடக்டிபிள் (நீங்க கட்ட வேண்டிய பங்கு) போக. டீசல் போட்ட ரசீது கையில இருந்தா இன்சூரன்ஸ்காரங்க பங்க்கைத் துரத்துவாங்க.

---

டேங்க்_டு_ரெயில்:

வேற வண்டிக்காரங்க படிச்சா குழம்பிடாம இருக்க: 2017-ல இருந்து வந்த டியூராமேக்ஸ் எல்5பி-ல சிபி4 இல்லை, டென்சோ பம்ப். 2019, 2020 ராம் 6.7 கம்மின்ஸ்ல சிபி4 இருந்து, 2021-ல ரீகால் வந்து சிபி3 மாட்டித் தர்றாங்க. அந்த வருஷ ராம் வச்சிருக்கிறவங்க வெளி பம்ப் தேடுறதுக்கு முன்னால வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) போட்டு ரீகால் முடிஞ்சதான்னு பாருங்க.

---

சூப்பர்டியூட்டி_22:

சரி, வாரண்டி முடியும் வரைக்கும் வெளி பம்ப் இல்லை. அடிட்டிவ், தண்ணி வடிக்கிறது, ஃபில்டர் ரசீது. தண்ணி வடிகால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

---

ரிட்டர்ன்லைன்:

புத்தகத்துல போட்டிருக்கிற இடைவெளி குறைந்தபட்சம். டிரெய்லர் இழுத்து, தெரியாத பங்க்ல போடுறீங்கன்னா மாசம் ஒரு தடவை, லைட் எரிஞ்சா அன்னிக்கே. வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால வடிச்சாத்தான் தண்ணி அடியில இறங்கியிருக்கும். கண்ணாடி ஜார்ல பிடிச்சு, ஓடோமீட்டரோட சேர்த்து ஒரு போட்டோ. ஃபில்டர் ரசீதுல வின் நம்பரும் மைலும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. வெறும் பார்ட் நம்பர் மட்டும் இருக்கிற கடை ரசீதை "வேற வண்டிக்கு வாங்கினது"ன்னு தள்ளிடுவாங்க. நீங்களே மாத்துறீங்கன்னா பழைய ஃபில்டர், புது ஃபில்டர் பெட்டி, ஓடோமீட்டர் மூணும் ஒரே போட்டோல வரட்டும்.